கதவு மட்டும் வேறு நீலம்

தாம்பரம் தாண்டி ஜி.எஸ்.டி. சாலையில் வண்டிகள் ஊர்ந்துகொண்டிருந்த ஒரு மாலை. மகளுக்குப் பழைய கார் ஒன்றைப் பார்த்துவிட்டு வாடகைக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு வெள்ளி நிற வண்டி. மேற்கே சாய்ந்த வெயில் அதன் பக்கவாட்டில் விழுந்தபோது பின்கதவு மட்டும் மெல்லிய பொன்னிறம் காட்டியது. வண்டி அரையடி நகர்ந்ததும் கதவு மற்ற பாகங்களோடு கலந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் நகர்ந்ததும் மறுபடி தனியே பிரிந்து தெரிந்தது.

"என்னம்மா, அந்தக் காரையே பாத்துக்கிட்டு வர்ற?" என்றாள் மகள்.

"அந்தக் கதவு பெயின்ட் அடிச்ச கதவு."

அவள் எட்டிப் பார்த்துவிட்டு, "எல்லாம் ஒரே சில்வர்தானே" என்றாள்.

வண்டியைப் பார்த்தால் முதலில் கதவுகளின் நிறத்தைப் பார்க்கும் பழக்கம் எனக்குச் சிறுவயதிலேயே வந்துவிட்டது. திருச்சி பொன்மலை ரயில்வே குடியிருப்பில் நாங்கள் வைத்திருந்த பழைய பத்மினியும், பாலக்கரைப் பக்கம் ஷெட் வைத்திருந்த பெயின்டர் பாயும் சேர்ந்து கொடுத்த பழக்கம் அது.

அப்பா பொன்மலைப் பணிமனையில் சூப்பர்வைசர். காலையில் சங்கு ஊதுவதற்குள் சைக்கிளில் கிளம்பிவிடுவார். வீட்டுக்கு ஒரு கார் வேண்டும் என்ற ஆசை அவருக்கு வெகுநாளாக இருந்தது. அன்று புதுக் கார் என்பது பணம் இருந்தாலும் உடனே கிடைக்கிற பொருள் இல்லை. பெயரைப் பதிந்துவிட்டு வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டும். பம்பாய் குர்லாவில் பிரிமியர் ஆட்டோமொபைல்ஸ், கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், சென்னைக்கு வெளியே வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்ட் மோட்டார் என்று மூன்று தொழிற்சாலைகளுக்குள் நடுத்தர வீடுகளின் கார் கனவு அடங்கிவிடும். 1983 டிசம்பரில் மாருதி 800 வந்த பிறகும் எங்களைப் போன்ற வீடுகள் பழைய வண்டியைத்தான் தேடின. அப்பா பி.எஃப். கடன் போட்டார். தஞ்சாவூரில் ஒரு டாக்டர் தன் நீல நிற பத்மினியை விற்கப்போவதாக யாரோ சொல்ல, அம்மாவையும் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் போனார்.

டாக்டர் வீட்டு வேப்பமரத்தடியில் வண்டி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் கியர்த் தண்டு, முன்னால் மூன்று பேர் உட்காரக்கூடிய நீள சீட்டு. தம்பி உடனே உள்ளே ஏறிவிட்டான். அப்பா எஞ்சினைக் கேட்டார், டயரைத் தட்டினார். விலை பேச வாயெடுத்தபோது டாக்டர் அவரைக் கையைப் பிடித்து இடதுபக்க முன்கதவுக்கு அழைத்துப் போனார்.

"சார், இதை நல்லாப் பாத்துக்குங்க. இந்தக் கதவு வண்டியோட வந்தது இல்ல."

வல்லம் பக்கம் வைக்கோல் ஏற்றி வந்த மாட்டுவண்டியின் நுகத்தடி பழைய கதவில் குத்திக் கிழித்துவிட்டதாம். சென்னை புதுப்பேட்டையிலிருந்து வேறொரு வண்டியின் கதவை வரவழைத்து மாட்டியிருக்கிறார்கள். அது வெள்ளை வண்டியின் கதவு. மேலே நீலம் அடித்திருந்தார்கள். கதவைத் திறந்து கீல் பக்கம் காட்டினார். ஸ்பிரே கன் எட்டாத இடத்தில் வெள்ளை அப்படியே இருந்தது. "பெயின்ட் அடிச்சப்ப சரியாத்தான் இருந்துச்சு. ரெண்டு கோடை போச்சு, தனியாத் தெரிய ஆரம்பிச்சிடுச்சு" என்றார்.

வண்டியின் மற்ற பாகம் வெளுத்த வான நீலம். அந்தக் கதவு மட்டும் அதைவிட அழுத்தமாக, கொஞ்சம் ஊதா கலந்த நீலம். ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு கண் அங்கேதான் போய் நிற்கும். திரும்பி வரும் வழியெல்லாம் அப்பா கதவைப் பற்றிப் பேசவில்லை, டாக்டரைப் பற்றித்தான் பேசினார். "அவரா கூட்டிட்டுப் போய்க் காட்டுனாரு பாத்தியா? இந்த ஆளு மத்த விஷயத்துல பொய் சொல்லியிருக்க மாட்டாரு" என்று அம்மாவிடம் சொன்னார். அடுத்த வாரமே வண்டி எங்கள் குடியிருப்புக்கு வந்தது.

வந்த அன்று பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து பார்த்தார்கள். அம்மா சந்தனம் குங்குமம் வைத்தார். நான்கு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, தெருவைச் சுற்றி வந்தோம். வாழ்த்திய கையோடு, "கதவு மட்டும் வேற கலரா இருக்கே?" என்று கேட்காதவர்கள் இல்லை. அம்மா ஒவ்வொருவருக்கும் மாட்டுவண்டிக் கதையைச் சொன்னார். நாளடைவில் அந்தக் கதவே எங்களுக்கு அடையாளமாகிவிட்டது. பொன்மலைச் சந்தையில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் வண்டி எங்கே நிற்கிறது என்று தேட வேண்டியதில்லை. பள்ளி வாசலில் வாட்ச்மேன் தாத்தா, "ரெட்டை நீலம் வந்துடுச்சு, கிளம்பு" என்பார். ஸ்ரீரங்கம் கோபுரவாசலில் வழி தவறிய தம்பியை யாரோ ஒருவர் அந்தக் கதவின் அடையாளம் கேட்டுக் கொண்டுவந்து விட்டதும் உண்டு.

பாயின் ஷெட்டுக்கு நான் முதலில் போனது காந்தி மார்க்கெட்டில் நடந்த ஒரு சின்ன இடிக்குப் பிறகு. வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி பிடி நழுவி உருண்டு வந்து வலதுபக்க முன் மட்கார்டில் மோதிக் குழிவிட்டது. கைவண்டிக்காரர் கும்பிட்டபடி நின்றார். அப்பா அவர் காலில் அடிபட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார். மறுநாள் வண்டியைப் பாயிடம் விட்டார். பள்ளி விடுமுறை என்பதால் அப்பாவோடு நானும் போவேன்; அவர் வேலைக்குப் போய்த் திரும்பும்வரை சில நாள் அங்கேயே ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன்.

தகரக் கூரை, ஒரு பக்கம் செங்கல் சுவர். கன்னைச் சோதிப்பதற்காக அந்தச் சுவரில் அடித்துப் பார்த்த நிறங்கள் வருடக்கணக்கில் படிந்து தடித்திருந்தன. ஓரத்தில் பெயர்ந்த சில்லைக் கையில் எடுத்தால் சிவப்பு, பச்சை, கறுப்பு, வெள்ளை என்று அடுக்கு அடுக்காகத் தெரியும். தின்னர் வாடை தெருமுனைக்கே வந்துவிடும். கம்ப்ரஸர் ஓடும்போது யார் பேசுவதும் கேட்காது. பெயின்ட் அடிக்கும் முன் புழுதி எழும்பாமல் தரையெல்லாம் தண்ணீர் தெளிப்பார்கள். கண்ணாடிகளை தினத்தந்தித் தாளால் மூடியிருப்பார்கள். தலைகீழாக ஒட்டியிருந்த சினிமா விளம்பரங்களைக் கழுத்தைச் சாய்த்துப் படிப்பது என் பொழுதுபோக்கு.

டிங்கர் வேலை முதலில் நடந்தது. மட்கார்டின் உள்பக்கம் கனமான டாலி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வெளிப்பக்கம் சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனார் டிங்கர் அண்ணன். அந்தக் காலத்துத் தகடு கனம். தட்டத் தட்டத் தன் பழைய வளைவுக்குத் திரும்பி வந்தது. மிச்சமிருந்த மேடுபள்ளத்துக்கு மட்டும் மெல்லிசாகப் பட்டி. காய்ந்ததும் தண்ணீர் ஊற்றி ஊற்றி வாட்டர் பேப்பரால் தேய்த்தார்கள். பாய் வந்து, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தகட்டின்மேல் விரித்து, அதன்மேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு மெதுவாகத் தடவினார். வெறும் கை ஈரத்தில் ஒட்டும், துணி இருந்தால் கை வழுக்கிக்கொண்டு போகும், சின்ன மேடும் தட்டுப்படும் என்றார். "கண்ணு ஏமாத்தும் பாப்பா. கை ஏமாத்தாது."

பிறகுதான் எனக்குப் பிடித்த வேலை தொடங்கியது: நிறம் கலப்பது. பாய் என்னைக் கூப்பிட்டு வலதுபக்கக் கதவைத் திறந்து, ஓரத்து ரப்பர் பீடிங்கைக் கொஞ்சம் விலக்கிக் காட்டினார். அதற்கடியில் ஒரு விரல் அகலத்துக்கு நான் அதுவரை பார்த்திராத நீலம் இருந்தது. அழுத்தமான, தெளிவான நீலம்.

"கம்பெனியிலேருந்து வந்த நீலம் இது. வெளியில நீ பாக்கறது நம்ம ஊரு வெயில் பண்ணுன நீலம்."

அந்த ஒரு விரல் அகலம் எனக்கு நிறைய விஷயத்தைத் திறந்துவிட்டது. இடதுபக்கக் கதவுதான் வேறு நிறம், மற்றதெல்லாம் ஒரே நிறம் என்று நாங்கள் நினைத்திருந்தோம். பாய் ஒவ்வோர் இடமாகக் காட்டினார். வானத்தைப் பார்த்துக் கிடக்கும் கூரையும் பானெட்டும் அதிகம் வெளுத்திருந்தன. பானெட்டுக்கு மேலே வெயில், கீழே எஞ்சின் சூடு. செங்குத்தாக நிற்கும் கதவுகள் அந்த அளவுக்கு வெளுக்கவில்லை. கதவிலும் மேல்பாதிக்கும் கீழ்பாதிக்கும் வித்தியாசம். டிக்கி மூடி ஒரு நீலம். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மாறிப் போவதால் கண் அதை ஒரே நீலமாக எடுத்துக்கொள்கிறது. இரண்டு நீலம் ஒரு கோட்டில் சந்தித்தால் மட்டும் பிடித்துக்கொள்கிறது. மாற்றிய கதவுக்கும் மட்கார்டுக்கும் நடுவில் இருந்த சந்து அப்படி ஒரு கோடு.

ஆகவே கம்பெனி டப்பா நீலத்தை அப்படியே அடித்தால் மட்கார்டு தனியாகத் தெரியும். பாய் வெள்ளையை அடியாக எடுத்து, அதில் நீலம் ஊற்றி, கறுப்பில் குச்சியை நனைத்து ஒரு சொட்டு விட்டார். பிறகு மஞ்சள் டப்பாவை எடுத்தார். நீலத்துக்கு எதற்கு மஞ்சள் என்று கேட்டேன். "பெயின்ட்டும் வயசானா பழுக்கும்மா" என்றார். நைட்ரோ செல்லுலோஸ் பெயின்ட் காலப்போக்கில் மஞ்சள் தட்டும் என்பதைப் பல வருடம் கழித்து ஒரு புத்தகத்தில் படித்தபோது அந்தச் சொட்டு மஞ்சள் நினைவுக்கு வந்தது. ரசத்துக்கு உப்புப் பார்ப்பது போலத்தான் பாய் அதைச் செய்தார்: கொஞ்சம் விட்டு, கலக்கி, பார்த்து, மறுபடி கொஞ்சம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் அதைவிட ஒரு படி அழுத்தம். அதனால் ஒவ்வொரு கலவையையும் டின் மூடியில் அடித்து, காயவைத்து, வெளியே வெளிச்சத்தில் வண்டியின்மேல் வைத்துப் பார்த்தார். நெடுநேரம் உற்றுப் பார்க்கமாட்டார். பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பி எதிர்ச் சுவரைப் பார்ப்பார், மறுபடி பார்ப்பார். பார்த்துக்கொண்டே இருந்தால் கண் பழகிப்போய் எல்லாம் சரி என்று சொல்லிவிடுமாம்.

கடைசியில் ஒன்றுக்கு இரண்டாகக் கலந்தார். மட்கார்டின் மேல்பக்கம் பானெட்டைத் தொடுகிறது. பின்பக்கம் கதவைத் தொடுகிறது. பானெட்டுக்கு ஒரு நீலம், கதவுக்கு ஒரு நீலம். நடுவில் இரண்டையும் மெல்லிய கோட்டுகளாக ஒன்றின்மேல் ஒன்று ஓட்டி, எங்கே ஒன்று முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தெரியாமல் செய்தார். நிறங்களுக்கு நடுவே சமாதானம் செய்து வைக்கிற அந்த வேலையை அவர் வாய் திறக்காமல், மூக்கில் கர்சீப் கட்டிக்கொண்டு செய்ததை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

வண்டி எடுக்க அப்பா பணிமனையிலிருந்து இருட்டிய பிறகு வந்தார். ஷெட்டில் டியூப்லைட். அந்த வெளிச்சத்தில் மட்கார்டு லேசான பச்சை கலந்து தெரிந்தது. அப்பா முகம் மாறியது. பாய் பதறவில்லை. "ராத்திரியில நிறம் பாக்கக் கூடாது சார். காலைல வாங்க." மறுநாள் காலை வெயிலில் பார்த்தபோது எந்தப் பக்கம் இடிபட்டது என்று அப்பாவால் சொல்ல முடியவில்லை. வேறு வேறு சாயப்பொடிகளில் கலந்த இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் ஒத்துப்போகும், இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். தெருவிளக்கின் மஞ்சள் சோடியம் வெளிச்சத்தில் நிறம் பார்ப்பது அதைவிட மோசம். இன்றும் வீட்டில் யாராவது சாயங்காலத்துக்கு மேல் பழைய வண்டி பார்க்கப் போகிறேன் என்றால் நான் விடுவதில்லை.

அன்றே அப்பா இடதுபக்கக் கதவையும் சரிசெய்துவிடலாமா என்று கேட்டார். பாய் கதவின் அடிப்பாகத்தைக் குனிந்து பார்த்தார், விரலால் தட்டினார். "செஞ்சிடலாம் சார். ஆனா துரு இல்ல, பெயின்ட் நல்லாப் புடிச்சிருக்கு. நல்லா இருக்கறதச் சொரண்டி என்ன பண்ணப் போறோம்?" வந்த வேலையை வேண்டாம் என்று சொன்ன மனிதர் அவர். கதவு அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அப்பா வண்டிக்கென்று வைத்திருந்த நீள நோட்டில், ஆயில் மாற்றியதற்கும் டயர் வாங்கியதற்கும் கீழே, மட்கார்டில் என்ன இடித்தது, எவ்வளவு பட்டி வைத்தது, யார் பெயின்ட் அடித்தது என்று எழுதினார். டாக்டர் சொன்ன கதவுக் கதைதான் அந்த நோட்டின் முதல் பக்கம்.

பாய் அந்த பெயின்ட்டை 'டூகோ' என்பார். எல்லா ஷெட்டிலும் அப்படித்தான் சொன்னார்கள். அமெரிக்காவின் டூபாண்ட் கம்பெனி 1923-இல் கொண்டுவந்த பெயின்ட்டின் வணிகப் பெயர் அது. அதற்கு முன்பு கார்களுக்கு வார்னிஷ் வகைப் பூச்சு. கோட்டு கோட்டாகக் காய்ந்து முடிய வாரக்கணக்கில் ஆகும். ஃபோர்டு தன் மாடல் டி காரை 1914 முதல் 1925 வரை கறுப்பில் மட்டுமே விற்றது. டூகோ வந்த பிறகு பூச்சு சில மணி நேரத்தில் காய்ந்தது, பல நிறங்களில் கார்கள் தெருவுக்கு வந்தன. பழுது பார்க்கும் ஷெட்டுகள் ஊர் ஊராகப் பெருகவும் இந்த வேகமாகக் காயும் குணம்தான் உதவியது. சூளையோ தனி அறையோ இல்லாமல் ஒரு கம்ப்ரஸரும் கன்னும் இருந்தால் தொழில் தொடங்கிவிடலாம். மழைக்காலத்தில் மட்டும் சிக்கல். தின்னர் வேகமாக ஆவியாகும்போது தகடு குளிர்ந்து காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பளபளப்பு போய் வெள்ளைப் புகை படிந்த தோற்றம் வரும். ஐப்பசி அடைமழையில் பாய் ஷெட்டில் டிங்கர் வேலை மட்டும்தான் நடக்கும்.

எங்கள் மட்கார்டு வேலை முடிந்த சமயத்தில் என் சித்தப்பா மதுரைப் பக்கத்தில் ஓர் அம்பாசடர் வாங்கினார். முழு வண்டிக்கும் புதிதாக வெள்ளை அடித்திருந்தது. எங்கும் ஒரே நிறம், முகம் பார்க்கலாம் என்கிற பளபளப்பு. எங்கள் பத்மினியை அதன் பக்கத்தில் நிறுத்தவே அம்மாவுக்குக் கூச்சமாக இருந்தது. அடுத்த மழைக்காலம் முடிந்ததும் அம்பாசடரின் கதவுகளுக்குக் கீழே சின்னச் சின்னக் கொப்புளங்கள் வந்தன. ஒன்றை நகத்தால் கீறினால் பழுப்புத் தண்ணீர் கசிந்தது. பாய் ஒரு காந்தத்தைத் துணியில் சுற்றிக் கதவோரமாக நகர்த்திக் காட்டினார். மேலே பிடித்தது, கீழே வந்ததும் நழுவி விழுந்தது. தகடு இருக்க வேண்டிய இடமெல்லாம் பட்டி. துருப்பிடித்து ஓட்டையான இடங்களை அடைத்து, மேலே வெள்ளை பூசி விற்றிருந்தார்கள். சித்தப்பா அதைச் சரிசெய்யச் செலவழித்த பணத்தில் இன்னொரு பழைய வண்டி வாங்கியிருக்கலாம். எங்கள் கதவு ஊருக்கே தெரியும்படி வேறு நிறத்தில் நின்றது, ஆனால் அதன் தகடு கடைசிவரை கெடவில்லை.

காலம் மாறியது. தொண்ணூறுகளில் மெட்டாலிக் நிறங்கள் பெருகத் தொடங்கின. அந்தப் பெயின்ட்டில் அலுமினியப் பொடி மிதக்கிறது. ஒவ்வொரு துகளும் ஒரு தட்டையான செதில். கன்னைச் சற்றுத் தள்ளிப் பிடித்தால், காற்றழுத்தம் கொஞ்சம் கூடினால், தின்னர் சீக்கிரம் காய்ந்தால் செதில்கள் வேறு விதமாகப் படுத்துக்கொள்ளும். நேராகப் பார்த்தால் ஒத்துப்போகும், சாய்வாகப் பார்த்தால் கதவு தனியே இருட்டும் அல்லது வெளுக்கும். அதே டப்பா, அதே கன், அதே கை. ஆனாலும் நிறம் வேறு. வெள்ளி நிறத்தில்தான் இந்த வித்தியாசம் சட்டென்று தெரியும். பாய் இதில் பட்ட பாட்டை விடுமுறைக்கு ஊருக்குப் போகும்போதெல்லாம் பார்த்தேன். அவர் மகன் தொழிலுக்கு வந்தபின் பெயின்ட் கடையில் கம்ப்யூட்டர் பார்த்துக் கலந்து கொடுக்க ஆரம்பித்தார்கள். வண்டியின்மேல் சின்னக் கருவியை வைத்தால் நிறத்தை அளந்து கலவைக் கணக்கு சொல்லும். அப்படிக் கலந்து வந்ததையும் பாய் முதலில் தகரத்தில் அடித்துக் காயவைத்துப் பார்த்துவிட்டுத்தான் கன்னில் ஊற்ற விடுவார். அடிபட்ட கதவோடு நிறுத்தாமல் பக்கத்துக் கதவிலும் கொஞ்சம் ஓட்டி மங்கவிட்டு, எல்லாவற்றுக்கும் மேல் ஒரே கிளியர் கோட் அடிப்பது இன்று நல்ல ஷெட்டுகளின் முறை. எங்கள் மட்கார்டில் பாய் செய்ததும் அடிப்படையில் அதுதான்.

பம்பர் பிளாஸ்டிக் ஆனதும் இன்னொரு வித்தியாசம் வந்தது. தொழிற்சாலையில் இரும்பு உடம்பை ஏறத்தாழ 140 டிகிரி வெப்பத்தில் சுட்டு எடுக்கிறார்கள். பிளாஸ்டிக் அந்தச் சூட்டைத் தாங்காது. பம்பருக்குத் தனி இடத்தில், குறைந்த வெப்பத்தில், வளைந்து கொடுக்கும் பெயின்ட். அதனால் கடையிலிருந்து அன்றைக்கே வந்த புது வண்டியிலும் பம்பரும் மட்கார்டும் சில வெளிச்சங்களில் ஒத்துப்போவதில்லை. இது தெரியாமல் நல்ல வண்டியை இடிபட்ட வண்டி என்று தள்ளிவிடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

நிற வித்தியாசத்தையே அழகாக்கி, ஜெர்மனியின் ஃபோக்ஸ்வாகன் 1995-இல் போலோ ஹார்லெகின் என்றொரு காரை விற்றது. சிவப்பு, நீலம், மஞ்சள், பச்சை என நான்கு நிறங்களில் வண்டிகளைக் கட்டி, கதவு, பானெட், மட்கார்டு எல்லாவற்றையும் ஒன்றுக்கொன்று மாற்றி மாட்டினார்கள். காட்சிக்கென்று தொடங்கியதை மக்கள் விரும்பிக் கேட்க, ஏறத்தாழ 3,800 கார்கள் செய்யப்பட்டன. அந்தக் காரின் படத்தை ஒருமுறை பாயிடம் காட்டினேன். கண்ணாடியை மூக்கின்மேல் தள்ளிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார். "உங்க அப்பா வண்டியோட ஜாதிதான் இது" என்று மனம் நிறைந்து சிரித்தார்.

அப்போதே அவருக்கு மூச்சிரைப்பு இருந்தது. வாழ்நாள் முழுவதும் ஒரு கர்சீப்பை மட்டும் நம்பி தின்னர் காற்றில் நின்றவர். இப்போது புழக்கத்தில் உள்ள இருபாகப் பெயின்ட்டின் ஹார்டனரில் ஐசோசயனேட் இருக்கிறது. அது நுரையீரலைப் பாதித்து ஆஸ்துமாவைக் கொண்டுவரக்கூடியது. அதற்குத் துணி போதாது, வெளியிலிருந்து நல்ல காற்று வரும் முகமூடி வேண்டும். பாயின் மகன் அதை வாங்கி மாட்டிக்கொண்டதில் எனக்குப் பெரிய ஆறுதல். ஆனால் இன்றும் எத்தனையோ ஷெட்டுகளில் பிள்ளைகள் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். நம் வண்டி பளபளக்க அவர்கள் மூச்சு கெட வேண்டியதில்லை. வேலை கொடுக்கும் முன் ஷெட்டில் முகமூடி இருக்கிறதா என்று கேட்பது, விலை கேட்பதைப் போலவே நம் கடமை என்று நினைக்கிறேன்.

பத்மினியை அப்பா ஓய்வு பெற்றபின் விற்றார். புரோக்கர் வந்து பார்த்து, முழு வண்டிக்கும் ஒரு கோட்டு அடித்துவிட்டால் நல்ல விலை வரும் என்றார். அப்பா மறுத்துவிட்டார். புதுக்கோட்டையிலிருந்து வாங்க வந்தவர் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். அவர் விலை பேசுவதற்கு முன், தஞ்சாவூர் டாக்டர் செய்ததைப் போலவே அப்பா அவரைக் கதவுக்கு அழைத்துப் போனார். பிறகு மட்கார்டைக் காட்டினார். வாத்தியாருக்கு அங்கே எதுவும் தெரியவில்லை. "தெரியாதுங்க. ஆனா அடிச்சது அடிச்சதுதானே" என்று சொல்லி நீள நோட்டை அவர் கையில் கொடுத்தார். புரோக்கர் வாசலில் நின்று தலையில் கையை வைத்துக்கொண்டார். வாத்தியார் நோட்டை நின்றபடியே பக்கம் பக்கமாகப் படித்தார். பேரம் பேசாமல் வாங்கிப் போனார். அம்மா அவருக்கும் எலுமிச்சம்பழம் எடுத்துக் கொடுத்தார்.

மகளுக்காகக் கார் தேடிய இந்த மாதங்களில் விற்பனையின் முறையே மாறியிருப்பதைப் பார்த்தேன். சின்ன மீட்டருடன் ஓர் இளைஞர் வருகிறார். அதைத் தகட்டில் வைத்தால் பெயின்ட் எத்தனை மைக்ரான் தடிமன் என்று எண் வருகிறது. தொழிற்சாலைப் பூச்சு பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரானுக்குள், அதாவது நம் தலைமுடியின் ஒன்றரை, இரண்டு மடங்கு தடிமன். மேலே ஒரு தடவை அடித்தால் எண் கூடும். கனமாகப் பட்டி வைத்திருந்தால் பல நூறுக்குத் தாவும். பாயின் காந்தமும் விரல் தட்டலும் சொன்னதைத்தான் இது இன்னும் துல்லியமாகச் சொல்கிறது. நல்ல கருவி. ஆனால் எண் கூடியவுடன் 'ரீபெயின்ட்' என்று குறித்து விலையைக் குறைத்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போய்விடுகிறார்கள். ஏன் அடித்தார்கள் என்று யாரும் கேட்பதில்லை. அபார்ட்மென்ட் தூணில் உரசியதற்காக அடித்த கதவுக்கும், பெரிய விபத்தில் நசுங்கி, வண்டியின் தூணோடு மாற்றப்பட்ட கதவுக்கும் ஒரே பெயர்தான் விழுகிறது. விலை குறையுமே என்ற பயத்தில் விற்பவர்கள் இருந்த பில்லையும் கிழித்துப் போடுகிறார்கள். மறைத்தால் லாபம், சொன்னால் நஷ்டம் என்று சந்தை பழக்கிவிட்டது.

நாங்கள் கடைசியில் வாங்கிய கார் நங்கநல்லூரில் ஓர் ஓய்வுபெற்ற வங்கி ஊழியருடையது. அதன் பின் பம்பரும் ஒரு கதவும் பெயின்ட் அடித்தவை. அவரே சொன்னார், கோப்பைத் திறந்து ஷெட் பில்லையும் இடிபட்டபோது எடுத்த படத்தையும் காட்டினார். மகள் காலை வெயிலில் கதவைத் திறந்து, கீலைப் பார்த்து, பீடிங்கை விலக்கிப் பார்த்தாள். போல்ட்டுகள் திருகப்பட்ட அடையாளம் இல்லை, தூண் சேதமில்லை. நிறத்தில் ஒரு சாயல் வித்தியாசம் மட்டும். "இதையே எடுத்துக்கலாம்மா" என்றாள்.

ஒரு வண்டி பத்து வருடம் தெருவில் ஓடினால் உரசும், இடிபடும், வெளுக்கும். பழுது பார்த்த இடம் கொஞ்சம் வேறு நிறமாகத்தான் இருக்கும். அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. நமக்கு வேண்டியது அந்த இடத்தின் கதை. ஆர்.சி.யில் வண்டியின் நிறம் ஒரு சொல்லாகப் பதிவாகிறது; அந்த நிறத்துக்கு நேர்ந்ததெல்லாம் எங்கும் பதிவாவதில்லை. அப்பாவின் நீள நோட்டைப் போல ஒன்று ஒவ்வொரு வண்டிக்கும் இருக்கட்டும். ஷெட்டில் கொடுக்கும் பில்லைப் பத்திரப்படுத்துங்கள். எந்தப் பாகம், என்ன இடித்தது, தகடு மாற்றியதா தட்டியதா என்று இரண்டு வரி எழுதிவையுங்கள். விற்கும்போது சாவியோடு அதையும் கொடுங்கள். வாங்கும்போது வேறு நிறம் தெரிந்தால் முகம் சுளிக்காமல் காரணம் கேளுங்கள், நேராகப் பதில் சொல்கிறவரிடம் நியாயமான விலையைக் கொடுத்து வாங்குங்கள்.